கப்பல் கயிறும் என் விசிலும்

கப்பலைக் கரையோடு சேர்த்துக் கயிறு போட்டு நிறுத்துகிற எங்கள் தொழிலில் நல்ல நாளுக்கு ஒரே அடையாளம்தான்: அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்கக் கூடாது.

பாதி வழியில் "கேஸை மூடினேனா?" என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறவர்களே, பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவர்களே, நானும் உங்கள் ஜாதிதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருபத்தைந்து வருஷம் இழை பிணைத்தேன். தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் நூல்களை ஒவ்வொன்றாக அதோடு சேர்த்து முறுக்குகிற வேலை அது. ஒரு இழை பிசகினால் சேலை நெடுக அது தெரியும். அந்தப் பயத்திலேயே எனக்குப் பாதி தலை நரைத்துவிட்டது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சென்னைக்கு வடக்கே ஒரு துறைமுகத்தில் கப்பல் கயிறு பிடிக்கும் கான்ட்ராக்ட் எடுத்தார். தெரிந்த ஆட்கள் பத்துப் பேரைத் தினமும் இங்கிருந்தே வேனில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். இற்றுப்போன இழையை விரலாலேயே கண்டுபிடிப்பவள் என்று, கயிறுகளைத் தடவிப் பார்த்துச் சொல்ல என்னையும் சேர்த்துக்கொண்டார். ஒரு வாரம் கயிறு வைக்கும் ஷெட்டில் வைத்திருந்தார். பிறகு, "இன்னாமா இது, எதுக்கெடுத்தாலும் பதறிக்கினே இருக்கிற? உனக்குன்னே ஒரு வேலை இருக்குது" என்று சொல்லி, என் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக் கரையில் நிறுத்திவிட்டார்.

வேலை இதுதான். கப்பல் நெருங்கியதும் மேலேயிருந்து ஒரு மெல்லிய கயிற்றை எறிவார்கள். அதன் நுனியில் தொடை பருமனுக்குப் பெரிய கயிறு கட்டியிருக்கும். நம் ஆட்கள் அதை இழுத்து, அதன் வளையத்தைக் கரையில் நட்டிருக்கும் இரும்புத் தூணில் மாட்டுவார்கள். அப்புறம் கப்பலில் இருக்கும் இயந்திரம் கயிற்றை முறுக்கும். அப்படி முறுக்கேறிய கயிறு அறுந்தால், சாட்டை மாதிரி திரும்பி வந்து அடிக்கும். அடிபட்டவன் எழுந்திருக்க மாட்டான். அது அடிக்கக்கூடிய இடத்தையெல்லாம் மஞ்சள் பெயிண்டால் கட்டம் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் யாராவது நின்றால் நான் விசில் ஊத வேண்டும்.

நான் வந்து ஏழு மாதத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதுவே எனக்கு வினையாகிவிட்டது. துறைமுக மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏழு மாசமா ஒண்ணுமே ஆகலை. அப்புறம் பார்த்துக்க ஒரு ஆள் எதுக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார். என்னைத் திரும்ப ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு, விசிலை ஒரு ஆணியில் மாட்டிவிடலாம் என்பது அவருடைய யோசனை. எனக்கு ஷெட் ஒன்றும் கசக்காது, உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் இந்தப் பத்துப் பேரை யார் பார்ப்பது? அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நீங்களே கேளுங்கள்.

பாவைத் தாண்டாதவர்கள்

எங்கள் தெருக்களில் காலையில் தறிக்கான பாவு நூலைத் தெரு நெடுக இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதைக் காலால் தாண்டக் கூடாது. சுற்றிக்கொண்டு போகலாம், அவசரமென்றால் தலையைக் குனிந்து அடியில் நுழைந்து போகலாம். சாப்பாட்டுத் தட்டை மிதிக்காமல் இருக்கிற மாதிரி அது எங்களுக்குக் காலிலேயே ஊறிய பழக்கம்.

நான் விசிலோடு கரைக்கு வந்த முதல் நாள் எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்த அதிகாரி, "இறுகின கயிறை யாரும் தாண்டக் கூடாது" என்றார். எங்கள் பத்துப் பேரும் ஒரே குரலில், "அதெல்லாம் எங்களுக்குச் சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்துட்டாங்க சார்" என்றார்கள். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட கும்பலை அவர் பார்த்ததே இல்லையாம், எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் கப்பல் வந்தது. கயிறு இறுகி நின்றது. பத்துப் பேரும் வரிசையாக வந்து, பயபக்தியோடு தலையைக் குனிந்து, கழுத்து உயரத்தில் நின்ற அந்தக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனார்கள். நான் ஊதிய ஊதலில் கடற்காகம் எல்லாம் பறந்துவிட்டது. அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டார். தாண்டவும் கூடாது, அடியில் நுழையவும் கூடாது, தொடவும் கூடாது, பக்கத்தில் நிற்கவும் கூடாது என்று தொண்டை வறளச் சொன்னார். எங்கள் கும்பலில் மூத்தவர் ஜலால் பாய். முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"தாண்டாத, குனியாத, தொடாத, கிட்ட போவாதன்றீங்களே, இது கயிறா சார், இல்ல என் மாமியாரா?"

கோவிந்தா

பெரிய கயிற்றைத் தண்ணீரிலிருந்து இழுப்பது லேசான வேலை இல்லை. நனைந்தால் யானைக் கனம் கனக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் வரும். ஒரே நேரத்தில் இழுக்க எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே வழி தேர் வடம். முதல் இழுப்பிலேயே யாரோ "கோவிந்தா!" என்றார். மற்றவர்கள் "கோவிந்தா!" என்றார்கள். கயிறு சரசரவென்று வந்துவிட்டது. அதற்கப்புறம் அது இல்லாமல் இவர்கள் கையில் கயிறு நகர்வதில்லை. எல்லாரையும்விடக் கனமான குரல் ஜலால் பாய்க்கு. ஆகவே எடுத்துக் கொடுப்பது அவர்தான். கேட்டால், "வடம்னா அதாம்மா சத்தம், இதுக்கு இன்னா வேற சத்தம் போடுவாங்க?" என்பார்.

ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுக் கப்பல், முதல் தடவையாக வந்தது. முதல் கயிறு இறங்கியதும் கீழே கோவிந்தா கிளம்பியது. கப்பல் அப்படியே நின்றது. இழுவைப் படகுகள் நின்றன. இயந்திரச் சத்தமும் நின்றது. மேலே நாலைந்து பேர் ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மிதவை வளையத்தைக் கையில் எடுத்து எறியத் தயாராக நின்றார். அவசரமாக எல்லாரையும் எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்துதான். அப்போது கப்பலுக்கு வழி காட்டிக் கூட்டிவந்த நம்மூர் பைலட்டின் குரல் என் வாக்கி டாக்கியில் வந்தது:

"அம்மா, கேப்டன் கேக்குறாரு, அந்த கோவிந்தா எப்ப விழுந்தாரு, அவருக்கு நீச்சல் தெரியுமான்னு."

முனுசாமி பஸ் ஏறிய கதை

பத்துப் பேரில் முனுசாமி மட்டும் தென்னேரிக்காரர், விவசாயக் குடும்பம். சொன்னதைச் சொன்னபடி கேட்கிறவர். விசில் கேட்டால் மூன்றடி பின்னால் நகர வேண்டும் என்று நான்தான் பழக்கினேன். தினமும் இருபது தடவை பழக்கினேன். இவ்வளவு நன்றாகப் பழகுவார் என்று நினைக்கவில்லை.

சாயங்காலம் வேன் அவரை வாலாஜாபாத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து டவுன் பஸ். ஒரு நாள் பஸ் வந்தது, முனுசாமி படியில் கால் வைத்தார், கண்டக்டர் விசில் ஊதினார். முனுசாமி மூன்றடி பின்னால் நகர்ந்து நின்றார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸிலும் அதே கதை. மூன்றாவது பஸ்ஸில் படியில் ஏறிக் கம்பியைக்கூடப் பிடித்துவிட்டாராம். ஊதியதும் கை தானாக விட்டுவிட்டதாம். மனுஷன் ஏரிக்கரையோரமாக நடந்தே வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு, அவர் வழியில் லாரியில் கீரியில் மாட்டியிருந்தால் பழி யார் தலையில் விழும் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டம்மாவே போன் செய்தார்:

"இன்னாக்கா, என் வூட்டுக்காரர இப்படி பழக்கி வெச்சிருக்கிற? பின்னால போறதுக்கு ஒரு விசில் இருக்குது இல்ல, முன்னால போறதுக்கும் ஒண்ணு ஊதிக் குடுத்து அனுப்பு."

தட்டுக்கு அந்தப் பக்கம்

கப்பலிலிருந்து எலி இறங்கி வராமல் இருக்க, கயிற்றின் நடுவில் வட்டமாக ஒரு தகரத் தட்டை மாட்டுவார்கள். இது நல்ல ஏற்பாடு. எந்தத் தேசத்து எலியோ, என்ன வியாதியோ என்று நான் தினமும் கவலைப்படுகிற விஷயம் இது. ஆகவே எல்லாத் தட்டும் சரியாக இருக்கிறதா என்று நானே எண்ணுவேன்.

அன்றைக்கு மக்காச்சோளக் கப்பல். ஒரு எலி வந்தது. ஆனால் கப்பலிலிருந்து இல்லை, நம் கரையிலிருந்து. இரும்புத் தூணில் ஏறி, கயிற்றில் நடந்து, தட்டு வரைக்கும் போய், தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மேலே கப்பல்காரர்கள் கை நீட்டிக் கத்தினார்கள். அவமானம் தாங்காமல் முனுசாமி ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக மஞ்சள் கட்டத்துக்குள் போய்விட்டார். கயிறு அப்போதுதான் முறுக்கேறிக்கொண்டிருந்தது. ஊதினேன். முனுசாமி உடனே மூன்றடி பின்னால் வந்தார். விசில் கேட்டுக் கப்பல்காரர்கள் இயந்திரத்தை நிறுத்தினார்கள். எலி மட்டும் அசையவில்லை. அதுவாக மனம் மாறித் திரும்பி வரும் வரைக்கும் நாங்களும் கப்பலும் அரைமணி நேரம் காத்திருந்தோம்.

மேனேஜருக்கு விஷயம் போனது. என்னைக் கூப்பிட்டார். முனுசாமி கட்டத்துக்குள் போனார், அதனால்தான் ஊதினேன் என்று சொன்னேன். "கயிறு அறுந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "யாருக்காவது அடிபட்டுச்சா?" இல்லை என்றேன். ரிஜிஸ்டரை மூடிவைத்துவிட்டு, மேனேஜர் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப அந்த எலிக்கு ஹெல்மெட் குடுத்தீங்களாம்மா, இல்ல, அதுவும் விட்டுப்போச்சா?"

தெப்பக்குளத்தில்

கப்பலையே நிறுத்துகிறவள் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துச் சின்னக் கோயிலில் தெப்பம். கமிட்டிக்காரர் வீட்டுக்கே வந்து, "போன வருஷம் கயிறு நழுவி சாமி நடுக்குளத்துல நின்னுட்டாரும்மா, நீ வந்து கூட இருந்து பார்த்துக்கோ" என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் அப்போதே, "இவள கூப்புடாதீங்க, சொல்லிட்டேன்" என்றார். யாரும் கேட்கவில்லை.

மத்தியானமே போய்ப் பார்த்தேன். டிரம்களின் மேல் பலகை அடித்த தெப்பம். நாலு பக்கப் படிக்கட்டிலும் நாலு கயிறு. நாலும் அறுந்தால் எங்கெங்கே அடிக்கும் என்று கணக்குப் போட்டேன். மஞ்சள் பெயிண்ட் இல்லை, கோலமாவில் மஞ்சள் பொடியைக் கலந்து கட்டம் போட்டேன். போட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தால், குளத்தைச் சுற்றி மனிதர் நிற்க ஒரு சாண் இடம் மிச்சம் இல்லை. என்ன செய்வது, கயிறு என்றால் கயிறுதானே? சாயங்காலம் நாதஸ்வரக்காரர்களை மதிலுக்கு வெளியே அனுப்பினேன். கயிறு இழுக்கிற பையன்களுக்குக் கயிற்றை நீளமாக்கி, அவர்களையும் தெருவில் நிறுத்தினேன். அவர்களுக்குத் தெப்பம் தெரியாது. ஆகவே இழுக்க ஒரு விசில், நிறுத்த இரண்டு விசில். குளக்கரையில் ஒரு மூலையில் நான் மட்டும். மாடி வீட்டுப் பெண் ஒருத்தி மேலேயிருந்து செல்போனில் படம் எடுத்துத் தெருவில் நின்றவர்களுக்கு அனுப்பினாள்.

மூன்று சுற்றும் முடிந்தது. ஒரு கயிறு நழுவவில்லை, ஒருவர் விழவில்லை. கமிட்டிக்காரர் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்:

"ரொம்ப நல்லபடியா முடிஞ்சுதும்மா, சாமி உன்னை தரிசனம் பண்ணிட்டாரு, நாங்க அடுத்த வருஷம் பண்ணிக்கிறோம்."

பதினொன்று

மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு நாள் முழுக்கக் கரையிலேயே இருந்து நான் ஊதுகிற விசிலை எண்ணப் போவதாகச் சொன்னார். "தேவையில்லாம ஊதினீங்கன்னா நாளையிலேர்ந்து ஷெட்டுதான்மா. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது." நான் சரி என்று தலையாட்டினேன். ஷெட்டுக்குப் போவது பெரிதில்லை. ஆனால் முந்தின நாள்கூட ஜலால் பாய் பழக்க தோஷத்தில் ஒரு கயிற்றுக்கு அடியில் பாதி குனிந்துவிட்டார். விசில் ஆணியில் தொங்கினால் அவர் மீதிப் பாதியும் குனிந்துவிடுவார்.

அன்று சிமெண்ட் கப்பல். நம் ஆட்கள் ஒழுங்காகக் கயிறு மாட்டிவிட்டு, கட்டத்துக்கு வெளியே போய் நின்றார்கள். மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் நோட்டும் கொண்டுவந்தார். கிரேன் நிழல் விழுந்த இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டார். நிழல் விழுந்த இடம் மஞ்சள் கட்டத்துக்கு நட்டநடுவில்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட ஒரு சோதனை வேண்டுமா? ஊதினால் வேலை போகும். ஊதாவிட்டால் ஆள் போய்விடலாம். தூரத்தில் இன்னொரு பெரிய கப்பல் கடந்து போனது. அதன் அலையில் எங்கள் கப்பல் கரையை விட்டு விலகிப் போவதும், திரும்ப நெருங்குவதுமாக இருந்தது. முன் கயிறு ஒவ்வொரு இழுப்புக்கும் மெலிந்துகொண்டே வந்தது. நூலென்றாலும் கயிறென்றாலும் அறுவதற்கு முன்னால் மெலியும். ஊதினேன்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணு" என்று எழுதினார்.

"சார், கட்டத்துக்குள்ள இருக்கீங்க சார்."

"நான் கயிறு பிடிக்கிற ஆள் இல்லம்மா, ஆபீஸ்."

"கயிறுக்கு அது தெரியாது சார்."

மறுபடி ஊதினேன். "ரெண்டு." நாற்காலியை ஓரடிகூட நகர்த்தவில்லை. ஊதினேன். எழுதினார். ஊதினேன். எழுதினார். பேச்சை விட்டுவிட்டோம், நான் ஊதுவதும் அவர் எழுதுவதும்தான். முனுசாமி மட்டும் ஒவ்வொரு விசிலுக்கும் மூன்றடி பின்னால் போய், கிடங்குச் சுவரில் முதுகு முட்டி நின்றார். பதினொன்றாவது விசிலுக்கு மேனேஜர் நோட்டைப் பட்டென்று மூடிக்கொண்டு எழுந்தார். "போதும்! இப்பவே போய் லெட்டர் அடிக்கிறேன், நீங்க ஷெட்டுக்குப் போய் உட்காருங்க" என்று ஆபீஸைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

இருபதடி போயிருப்பார். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் கண்ணைத் திறந்தபோது நாற்காலி அங்கே இல்லை. குடை எங்கேயோ உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரில் வெள்ளையாக ஒரு கால் மட்டும் மிதந்தது. நாற்காலிக்கால்தான் என்று நான் என்னை நம்ப வைக்க நாலு தடவை பார்க்க வேண்டியிருந்தது. பத்துப் பேரையும் எண்ணினேன், பதினொன்றாவதாக மேனேஜரையும் எண்ணினேன். எல்லாரும் இருந்தார்கள். என் பல் விசிலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அதனால் மூச்சு விடும்போதெல்லாம் அது தானாக ஊதியது.

மேனேஜர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன்னால் கீழே மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார், அதை நான் கவனித்தேன். ஜலால் பாய் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். விழுந்து கிடந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டி, அந்தப் பக்கத்தை விரித்து, பேனாவையும் பக்கத்தில் வைத்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்:

"சார், பதினொண்ணுல எது தேவையில்லாத விசில்னு சொல்லுங்க, அதை மட்டும் அடிச்சுடலாம்."

ஏழு மாதமாகப் பத்து உயிர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது எதற்கும் ருசுவாக இல்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கடலில் போன மறுவாரமே என் வேலை நிரந்தரமாகிவிட்டது.